ஒரு நாட்டின் புரட்சி அடுத்த நாட்டுக்கு எப்படிப் போய்ச் சேருகிறது?

கேட்பவன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். புரட்சிகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்குள் எழும் ஐயம் ஒன்றை இங்கே வைக்கிறேன். புரட்சிகள் பெரும்பாலும் தனித்து வருவதில்லை, கூட்டமாகவே வருகின்றன. 1848இல் பாரிஸ், வியன்னா, பெஸ்ட், பெர்லின், மிலான் என்று நகரம் நகரமாகச் சில வாரங்களுக்குள் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். 1989இன் பிற்பாதியில் கிழக்கு ஐரோப்பாவின் ஆட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. 2010 டிசம்பர் 17 அன்று துனீசியாவின் சிடி பூசிட் என்னும் உள்நாட்டு ஊரில் தள்ளுவண்டி வியாபாரி ஒருவர் தீக்குளித்தார். அதன்பின் சரியாக எட்டாவது வாரத்தில் எகிப்தின் அதிபர் முபாரக் பதவி விலகினார். கொழும்பு 2022, டாக்கா 2024, காத்மாண்டு 2025 ஆகிய மூன்றையும்கூட ஒரே சங்கிலியாகப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

இதற்கு இரண்டு விளக்கங்களைப் படித்திருக்கிறேன். விலையேற்றம், வேலையின்மை, ஊழல் போன்ற ஒரே காரணங்கள் பல நாடுகளில் ஒரே சமயத்தில் முற்றுவதால் அவை ஒரே சமயத்தில் வெடிக்கின்றன என்பது ஒன்று. முதல் நாட்டைப் பார்த்து மற்ற நாட்டினர் செய்கிறார்கள் என்பது மற்றொன்று. முதலாவது சரியென்றால் நாள்கணக்கில் ஒன்றையடுத்து ஒன்று வருவது ஏன்? இரண்டாவது சரியென்றால் 2011இல் அல்ஜீரியாவும் மொராக்கோவும் ஏன் கவிழவில்லை? புரட்சியை வேண்டுமென்றே ஏற்றுமதி செய்ய முடியுமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

பழைய ஏடு எழுதியது:

தாங்கள் குறிப்பிட்ட இரு விளக்கங்களையும் உரசிப் பார்ப்பதற்கு 1848ஐ விடப் பொருத்தமான ஆண்டு இல்லை என்பது என் கருத்து. செய்தி எந்த நாளில் எந்த நகரை அடைந்தது, அடுத்த நாள் அங்கே என்ன நடந்தது என்பதை அந்த ஆண்டைப் பொறுத்தவரை கிட்டத்தட்ட நாட்குறிப்புப் போலவே தொடர முடிகிறது.

பொதுவான காரணங்கள் இருந்தன என்பதில் ஐயமில்லை. 1845இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் அழித்தது. 1846இல் தானிய விளைச்சல் பொய்த்தது. 1847இல் கடன் நெருக்கடி வங்கிகளையும் ஆலைகளையும் முடக்கியது. ஆனால் உணவுப் பொருள்களின் விலை உச்சத்தைத் தொட்டது 1847இன் வசந்தத்தில்தான். அவ்வாண்டின் அறுவடை தேறிவிட்டதால், 1848 பிறந்தபோது பல இடங்களில் விலை இறங்கத் தொடங்கியிருந்தது. பசி ஒன்றே மக்களைத் தெருவுக்கு இழுத்திருக்குமானால் அவர்கள் ஓராண்டு முன்னதாகவே வந்திருக்க வேண்டும்.

அவ்வாண்டின் முதல் எழுச்சி பாரிசில் நடக்கவில்லை. ஜனவரி 12 அன்று சிசிலியின் பலேர்மோ நகரம் கிளர்ந்தது. அந்த மாத முடிவுக்குள் நேப்பிள்ஸ் மன்னர் அரசியல் சட்டம் தருவதாக இறங்கிவந்தார். அதைக் கண்டு பீட்மான்ட், டஸ்கனி ஆட்சியாளர்களும் தங்கள் குடிகளுக்கு வாக்குறுதி கொடுத்தார்கள். ஆனால் இந்த அலை இத்தாலியத் தீபகற்பத்தோடு நின்றது. பலேர்மோவைப் பார்த்து வியன்னா எழவில்லை. எல்லா நகரங்களின் செய்திக்கும் ஒரே எடை கிடையாது என்பதை இது காட்டுகிறது. பாரிசில் பிப்ரவரி 22 அன்று தடை செய்யப்பட்ட ஓர் அரசியல் விருந்தை ஒட்டிக் கிளம்பிய கூட்டத்தை அடக்குவதற்கு, மன்னர் லூயி பிலிப் நம்பியிருந்த தேசியக் காவற்படையே முன்வரவில்லை. 24ஆம் தேதி அவர் முடி துறந்தார். ஐரோப்பாவின் மற்ற அரசவைகளை உலுக்கிய செய்தி இதுதான். பாரிஸ் மக்கள் துன்பப்படுகிறார்கள் என்பது எல்லோரும் அறிந்த பழைய சேதி; பெரும் படையை வைத்திருந்த மன்னர் மூன்றே நாளில் போய்விட்டார் என்பதே புதிய சேதி.

அது பிப்ரவரி இறுதியில் வியன்னாவை எட்டியபோது முதலில் தெருத்தடுப்புகள் எழவில்லை. வங்கிகளின் முன்னால்தான் கூட்டம் சேர்ந்தது. அரசின் ஆயுள் கெட்டியில்லை என்று எண்ணியவர்கள் காகிதப் பணத்தை வெள்ளி நாணயமாக மாற்றிக்கொள்ள விரைந்தார்கள். மார்ச் 3 அன்று ஹங்கேரியப் பேரவை கூடியிருந்த பிரெஸ்பர்க் நகரில், அதாவது இன்றைய பிராத்திஸ்லாவாவில், ஹங்கேரியத் தலைவர் லாயோஷ் கொசூத், ஹங்கேரியையும் ஆண்ட ஆஸ்திரியப் பேரரசின் ஆட்சிமுறையையே சாடி உரையாற்றினார். அவ்வுரையின் ஜெர்மன் மொழிபெயர்ப்பு மார்ச் 13 அன்று வியன்னாவில் மாகாணப் பேரவை வளாகத்தில் திரண்டிருந்த கூட்டத்தின் முன் வாசிக்கப்பட்டது. 1809 முதல் ஆஸ்திரியாவின் வெளியுறவுத் துறையைக் கையில் வைத்திருந்த மெட்டர்னிக் அன்றிரவே பதவி விலகினார். ஆக, பாரிஸ் செய்தி ஹங்கேரியைச் சுற்றிக்கொண்டுதான் வியன்னாவின் தெருவுக்கு வந்தது.

அதன்பின் செய்தியின் ஊற்று மாறிவிட்டது. பெஸ்ட் நகரின் இளைஞர்கள் மார்ச் 15 அன்று தணிக்கையை மீறித் தங்கள் பன்னிரண்டு கோரிக்கைகளை அச்சடித்ததும், வெனிஸ் மக்கள் 17ஆம் தேதி தங்கள் தலைவர் தானியேலே மானினைச் சிறையிலிருந்து மீட்டதும், 18ஆம் தேதி பெர்லினிலும் மிலானிலும் தெருச்சண்டை மூண்டதும் வியன்னாவில் மெட்டர்னிக் வீழ்ந்த செய்தி கிடைத்த பிறகுதான். மிலானில் ஐந்து நாள் சண்டைக்குப் பின் ராடெட்ஸ்கியின் ஆஸ்திரியப் படை நகரை விட்டுப் பின்வாங்கியது.

ஒரே செய்தியைக் கேட்டவர்கள் ஒரே கோரிக்கையை எழுப்பவில்லை என்பதுதான் இதில் எனக்கு மிகச் சுவையான பகுதி. பாரிஸ் தொழிலாளர் வேலைக்கான உரிமையைக் கேட்டனர். வியன்னா மாணவர் அரசியல் சட்டமும் பத்திரிகைச் சுதந்திரமும் கேட்டனர். மிலான் மக்கள் அந்நிய ஆட்சி ஒழிய வேண்டும் என்றனர். ஹங்கேரியர் தங்களுக்கென்று ஓர் அமைச்சரவையைக் கேட்டனர். இந்தக் கோரிக்கைகள் ஒன்றோடொன்று மோதியதே பின்னர் அவற்றின் முடிவுக்கும் வழிவகுத்தது. ஒன்றுபட்ட ஜெர்மனிக்காகக் கூட்டிய ஃபிராங்ஃபர்ட் பேரவைக்கு ஜெர்மானியர் அழைத்தபோது செக் அறிஞர் பலாட்ஸ்கி வர மறுத்துவிட்டார். ஹங்கேரியரின் விடுதலையைத் தங்களுக்கு வந்த அடிமைத்தனமாகக் கண்ட குரோவாசியர், செப்டம்பரில் யெலாச்சிச்சின் தலைமையில் ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் மன்னருக்காக ஹங்கேரி மீது படையெடுத்தார்கள். 1849இல் ரஷ்யச் சார் முதலாம் நிக்கோலஸ் அனுப்பிய படை அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது.

எழாத நாடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நெதர்லாந்தின் இரண்டாம் வில்லியம் ஒரே இரவில் மனம் மாறி, சீர்திருத்தவாதியான தோர்பெக்கேயின் தலைமையில் அரசியல் சட்டத்தைத் திருத்தச் சம்மதித்தார். டென்மார்க் மன்னர் தம் வரம்பற்ற அதிகாரத்தைத் தாமாகவே விட்டுக்கொடுத்தார். பெல்ஜியம் வாக்குரிமைக்கான வரித் தகுதியைக் குறைத்தது. இந்த மூன்றையும் ‘புரட்சி பரவாத நாடுகள்’ என்று சிலர் பட்டியலிடுவதைப் பார்த்திருக்கிறேன்; எனக்கு அது சரியாகப் படவில்லை. அங்கேயும் அது போய்ச் சேர்ந்தது, ஆனால் அரண்மனைக்குள் முதலில் நுழைந்துவிட்டது.

திசைமானி எழுதியது:

பழைய ஏடு அவர்களின் விளக்கத்தில் உள்ள ஒரு வரியை நான் மேலும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எல்லை தாண்டுவது துன்பமோ கொள்கையோ அன்று. அரசின் வலிமையைப் பற்றிய மதிப்பீடு. சர்வாதிகார நாட்டில் வாழும் ஒருவருக்குத் தன் மனத்தில் இருப்பது தெரியும்; அண்டை வீட்டார் மனத்தில் இருப்பது தெரியாது. எல்லோரும் வெளியே வந்தால் தானும் வரலாம் என்று ஒவ்வொருவரும் காத்திருப்பதால் ஒருவரும் வருவதில்லை. தன்னுடைய நாட்டைப் போன்றதே என்று அவர் கருதும் இன்னொரு நாட்டில் மக்கள் வெளியே வந்தார்கள், படை சுடவில்லை, ஆட்சியாளர் விமானம் ஏறிவிட்டார் என்ற செய்தி வந்ததும் அந்தக் கணக்கு மாறிவிடுகிறது.

‘தன்னுடையதைப் போன்றதே என்று கருதும்’ என்ற சொற்களில்தான் சூட்சுமம் இருக்கிறது. 2011 ஜனவரி 14 அன்று துனீசிய அதிபர் பென் அலி சவூதி அரேபியாவுக்குத் தப்பி ஓடினார். அந்தச் செய்தி உலகம் முழுவதற்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தது. ஆனால் அதைத் தங்கள் செய்தியாக எடுத்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் அரபு மொழி பேசுவோரே. சகாராவுக்குத் தெற்கே அதைவிட நீண்ட காலம் ஆண்டவர்களும் அதைவிடக் கொடிய வறுமையும் இருந்தும், ஆட்சிகள் கவிழும் அளவுக்கு அலை அங்கே எழவில்லை. பொது மொழியும், அல் ஜசீரா போன்ற செயற்கைக்கோள் தொலைக்காட்சிகளும், வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பின் கூட்டம் சேரும் பொது வழக்கமும் ஒரு எல்லையை வகுத்துக்கொடுத்தன. துனிஸ் நகரில் எழுந்த ‘ஆட்சி வீழவேண்டும் என்பதே மக்கள் விருப்பம்’ என்ற முழக்கம் கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கத்தில் அப்படியே ஒலித்தது. சிரியாவின் தரா நகரில் சிறுவர்கள் அதைச் சுவரில் எழுதியதற்காகக் கைதானார்கள். அங்கே எழுச்சி தொடங்கியதே அந்தக் கைதிலிருந்துதான்.

இப்போது தாங்கள் கேட்ட ‘ஏன் சில நாடுகள் கவிழவில்லை’ என்ற கேள்விக்கு வருகிறேன். முழக்கம் எல்லை தாண்டும், படை தாண்டாது. எகிப்தில் கூட்டத்தின் மீது பலத்தைப் பயன்படுத்த மாட்டோம் என்று ஜனவரி 31 அன்று இராணுவமே அறிவித்தது; முபாரக் போனாலும் தன் சொத்தும் செல்வாக்கும் தன்னிடமே இருக்கும் என்று அதற்குத் தெரியும். சிரியாவின் உயர் அதிகாரிகளுக்கு அந்த நம்பிக்கை இல்லை. அவர்களில் பெரும்பாலோர் ஆட்சியாளரின் அலவி சமூகத்தைச் சேர்ந்தவர்கள் என்பதால், ஆட்சி விழுந்தால் தாங்களும் விழுவோம் என்று அஞ்சினார்கள், சுட்டார்கள். பஹ்ரைனில் மார்ச் 14 அன்று சவூதிப் படைகள் பாலத்தைக் கடந்து உள்ளே வந்தன. சவூதி அரேபியா தன் சொந்தக் குடிமக்களுக்கு ஊதியம், வீட்டுவசதி, உதவித்தொகை என்று சுமார் 13,000 கோடி டாலர் அளவுக்குச் செலவுத் திட்டங்களை அறிவித்தது. மொராக்கோ மன்னர் மார்ச் மாதத்திலேயே அரசியல் சட்டத் திருத்தத்தை அறிவித்து ஜூலையில் பொதுவாக்கெடுப்பும் நடத்திவிட்டார். 1848இன் நெதர்லாந்து மன்னரை இது அப்படியே நினைவூட்டுகிறது.

அல்ஜீரியாவின் கதை வேறு. அங்கே 1990களின் உள்நாட்டுப் போர் மக்களின் நினைவில் இன்னும் ஆறாத புண்ணாக இருந்தது. துனீசியாவின் செய்தியை அவர்கள் கேட்டார்கள், ஆனால் தங்கள் சொந்தப் பழைய செய்தியை அதற்கு எதிராக நிறுத்திப் பார்த்தார்கள். அரசும் 1992 முதல் நீடித்த அவசரநிலையை 2011 பிப்ரவரியில் விலக்கிக்கொண்டது. பிறகு எட்டு ஆண்டுகள் கழித்து, போரை நேரில் காணாத ஒரு தலைமுறை வளர்ந்த பின், 2019 ஏப்ரல் 2 அன்று அதிபர் பூத்தஃப்லிக்கா விலக நேர்ந்தது. ஒன்பது நாள் கழித்து சூடானில் அதிபர் பஷீர் வீழ்ந்தார். பரவவில்லை என்று நாம் எழுதிவைக்கும் இடங்களில் சில, வெறும் தாமதமாக இருக்கக்கூடும்.

இன்னொரு கசப்பான உண்மையும் உண்டு. முதலில் எழுபவர்கள் தங்கள் ஆட்சியின் பலவீனத்தை நேரடியாக அறிந்து எழுகிறார்கள். பின்னால் எழுபவர்களோ அடுத்த நாட்டின் வெற்றியை வைத்துத் தங்கள் நாட்டைக் கணிக்கிறார்கள். அந்தக் கணிப்பு பல நேரங்களில் பொய்த்துப் போகிறது. எனவே அலையின் வால்பகுதியில்தான் குருதி மிகுதியாகக் கொட்டுகிறது. துனீசியாவில் நான்கு வாரத்தில் முடிந்தது, சிரியாவில் பல ஆண்டுப் போராக நீண்டது.

கரிசல் எழுதியது:

மேலே இருவரும் எழுதியதைப் படித்தேன். மக்கள் மக்களைப் பார்த்து எழுந்தார்கள் என்ற சித்திரத்தை 1989க்கும் பொருத்திவிடுவார்களோ என்ற அச்சத்தில் ஒரு மறுப்பைப் பதிவு செய்கிறேன்.

1956ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் மாதம் போலந்தின் போஸ்னான் நகரத் தொழிலாளர் கிளர்ந்தார்கள். அக்டோபரில் மாஸ்கோவின் விருப்பத்துக்கு மாறாக கொமுல்கா கட்சித் தலைவரானார். அந்தச் செய்தியைக் கேட்ட புடாபெஸ்ட் மாணவர்கள் போலந்துக்கு ஆதரவு தெரிவிக்க அக்டோபர் 23 அன்று ஊர்வலம் போனார்கள். அவர்கள் கூடிய இடம் ஜெனரல் யோசெஃப் பெமின் சிலை. 1848-49 ஹங்கேரியப் புரட்சியில் ஹங்கேரியருக்காகப் படை நடத்திய போலந்துக்காரர் அவர். பரவுதலுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கேட்க முடியாது. ஆயினும் நவம்பர் 4 அன்று சோவியத் டாங்கிகள் புடாபெஸ்டுக்குள் புகுந்தன, கதை முடிந்தது. 1968இல் பிராக் நகருக்கும் அதே கதிதான்.

அப்படியிருக்க 1989இல் மாறியது என்ன? மக்களின் துணிச்சல் 1956இல் குறைவாக இருந்தது என்று யாரும் சொல்லிவிட முடியாது. மாறியது மாஸ்கோ. 1988 டிசம்பர் 7 அன்று ஐக்கிய நாடுகள் சபையில் பேசிய சோவியத் தலைவர் கோர்பச்சேவ், ஒவ்வொரு நாடும் தன் பாதையைத் தேர்ந்துகொள்ளும் உரிமையை ஏற்றதோடு, 5 லட்சம் வீரர்களைப் படையிலிருந்து குறைப்பதாகவும் அறிவித்தார். அதன்பின் ஒவ்வொரு நாடும் அந்த வாக்குறுதியைச் சோதித்துப் பார்த்தது. ஹங்கேரி மே மாதம் ஆஸ்திரிய எல்லையின் கம்பிவேலியை அறுக்கத் தொடங்கியது; மாஸ்கோ சினக்கவில்லை. போலந்தின் ஜூன் 4 தேர்தலில் சாலிடாரிட்டி என்னும் தொழிற்சங்க இயக்கம் தான் போட்டியிட அனுமதிக்கப்பட்ட இடங்களை ஏறத்தாழ முழுவதுமாக வென்றது, மாஸ்கோ தடுக்கவில்லை. செப்டம்பர் 11 அன்று ஹங்கேரி தன் எல்லையைக் கிழக்கு ஜெர்மானியருக்குத் திறந்துவிட்டது. அக்டோபர் 9 அன்று லைப்ஸிக் நகரில் சுமார் 70,000 பேர் திரண்டபோது, 1953இல் கிழக்கு ஜெர்மன் தொழிலாளரை அடக்க வெளியே வந்த சோவியத் படைகள் இம்முறை முகாம்களிலேயே இருந்தன. நவம்பர் 9 அன்று பெர்லின் சுவர் திறந்தது. மறுநாளே பல்கேரியாவில் 35 ஆண்டு ஆண்ட ஷிவ்கோவ் அகற்றப்பட்டார். 17ஆம் தேதி பிராக் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். ருமேனியாவின் சௌசெஸ்கு மாஸ்கோவைச் சார்ந்திராதவர், தன் காவற்படையைத் தானே நம்பியவர். குருதி சிந்தியது அந்த ஒரு நாட்டில்தான் என்பது தற்செயல் அன்று.

ஆகவே இதை நான் பரவுதல் என்பதைவிட, ஒரே பூட்டுக்குள் இருந்த பல கதவுகள் வரிசையாகத் திறந்ததாகவே காண்கிறேன். திசைமானி அவர்கள் சொன்ன ‘அலையின் வால்பகுதி’ என்ற விதிக்கு ருமேனியாவைச் சான்றாகக் காட்டுவாரானால் அதையும் நான் ஏற்க மாட்டேன்.

போலந்து வாக்களித்த அதே 1989 ஜூன் 4இல்தான் பெய்ஜிங்கில் தியானென்மென் சதுக்கத்தைச் சுற்றி இராணுவம் மக்களைச் சுட்டது. சில நாளில் கிழக்கு ஜெர்மன் நாடாளுமன்றம் சீன அரசின் செயலை ஆதரித்துத் தீர்மானம் போட்டது. லைப்ஸிக் ஊர்வலத்தில் நடந்தவர்கள் அத்தனை பேருக்கும் அது தெரியும். மக்கள் வார்சாவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஆட்சியாளர்கள் பெய்ஜிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தெற்காசியாவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இலங்கையில் அந்நியச் செலாவணி தீர்ந்து எரிபொருளும் மருந்தும் இல்லாமற்போனது. வங்கதேசத்தில் விடுதலைப் போராளிகளின் வாரிசுகளுக்கான 30 விழுக்காடு அரசு வேலை ஒதுக்கீடு. நேபாளத்தில் 26 சமூக ஊடகத் தளங்களுக்கு விதித்த தடை. மூன்றும் மூன்று வெவ்வேறு தூண்டல்கள், இடையில் ஆண்டுக்கணக்கான இடைவெளி. சங்கிலி என்று அழைப்பது மிகையென்றே நினைக்கிறேன். கடந்து சென்றவை சில பழக்கங்களும் சின்னங்களும்தான்: ஆட்சியாளரின் மாளிகைக்குள் கூட்டமாக நுழைவது, ஜப்பானியக் கேலிச்சித்திரத் தொடர் ஒன்றின் வைக்கோல் தொப்பி அணிந்த மண்டையோட்டுக் கொடியை ஏந்துவது. அந்தக் கொடி 2025இல் இந்தோனேசியாவிலிருந்து நேபாளத்துக்கும் அங்கிருந்து மடகாஸ்கருக்கும் போனது. கொடி போவது எளிது.

கேட்பவன் எழுதியது:

மூவருக்கும் நன்றி. கரிசல் அவர்களின் மறுப்பு எனக்குப் புதிய கோணம். இருப்பினும் என் கடைசிக் கேள்வி அப்படியே நிற்கிறது. பிரெஞ்சுக் குடியரசின் படைகள், அகிலம் எனப்பட்ட கம்யூனிஸ்ட் அமைப்பு, சே குவேரா என்று பலரும் புரட்சியைத் திட்டமிட்டு எடுத்துச்செல்ல முயன்றிருக்கிறார்களே, அந்த முயற்சிகள் என்ன ஆயின?

உப்பங்கழி எழுதியது:

பெரும்பாலும் தோற்றன என்பதே சுருக்கமான விடை. 1792 நவம்பரில் கன்வென்ஷன் எனப்பட்ட பிரெஞ்சு நாடாளுமன்றம், விடுதலையை மீட்க விரும்பும் எல்லா மக்களுக்கும் உதவுவதாக ஆணை பிறப்பித்தது. ஆயுதம் ஏந்தி வரும் சமயப் பரப்பாளரை யாரும் விரும்புவதில்லை என்று புரட்சித் தலைவர் ரோபஸ்பியர் அவ்வாண்டின் தொடக்கத்திலேயே எச்சரித்திருந்தார். படைகள் போன இடங்களில் நெதர்லாந்தில் பத்தாவியக் குடியரசு, சுவிட்சர்லாந்தில் ஹெல்வெத்தியக் குடியரசு என்று புதிய அரசுகள் முளைத்தன. அவை உள்ளூரின் சீர்திருத்தக்காரர்களை நம்பியே தொடங்கினாலும், படைக்கான செலவை உள்ளூர் மக்களின் தலையில் கட்டியதால் வெறுப்பைச் சம்பாதித்தன. 1920இல் செஞ்சேனை வார்சாவை நெருங்கியபோது போலந்துத் தொழிலாளர் அதைத் தோழனாகப் பார்க்கவில்லை, படையெடுத்து வரும் ரஷ்யனாகவே பார்த்தார்கள். பொலிவியாவில் 1952 புரட்சியை அடுத்து நிலச் சீர்திருத்தம் நடந்து, உழவர் பலர் கையில் நிலம் இருந்தது. 1966இல் அங்கே போன சே குவேராவுடன் அவ்வட்டார உழவர்கள் சேரவில்லை. 1967 அக்டோபர் 9 அன்று அவர் கொல்லப்பட்டார்.

யாரும் அனுப்பாமல், அனுப்பியிருக்க விரும்பவே செய்யாமல் போய்ச் சேர்ந்த புரட்சியின் கதையைத்தான் நான் விரிவாகச் சொல்ல நினைக்கிறேன். 1789 ஆகஸ்டில் பாரிசில் மனித உரிமைப் பிரகடனம் வெளியானபோது, அதை எழுதியவர்களில் பெரும்பாலோர் கரீபியன் கடலில் இருந்த செயின்ட் டொமிங்கோ என்னும் பிரெஞ்சுக் குடியேற்றத்தின் (இன்றைய ஹெயிட்டி) அடிமைகளை மனத்தில் வைத்து எழுதவில்லை. உலகின் மிகச் செல்வம் கொழித்த அந்தக் கரும்புத் தோட்டக் குடியேற்றத்தில் சுமார் 5 லட்சம் பேர் அடிமைகளாக இருந்தார்கள். வெள்ளைத் தோட்ட முதலாளிகள் அந்தப் பிரகடனத்தைத் தங்கள் வணிக உரிமைக்கான சாசனமாகப் படித்தார்கள். நிறத்தால் ஒதுக்கப்பட்ட சுதந்திர மனிதர்கள் அதையே தங்கள் வாக்குரிமைக்கான சாசனமாகப் படித்தார்கள். அடிமைகளில் பெரும்பாலோர் படிக்கவே இல்லை, கேள்விப்பட்டார்கள். துறைமுகத்தில் இறங்கிய மாலுமிகள், சந்தைக்கு வந்த பெண்கள், எஜமானரின் உணவு மேசையருகே நின்ற பணியாளர்கள் ஆகியோர் வழியே செய்தி வதந்தியாக உருமாறித் தோட்டங்களுக்குள் சென்றது. மன்னர் வாரத்துக்கு மூன்று நாள் ஓய்வு கொடுத்துவிட்டார், முதலாளிகள்தான் மறைக்கிறார்கள் என்பது அவ்வதந்திகளில் ஒன்று. அது உண்மையன்று. ஆனால் 1791 ஆகஸ்டில் வடக்குச் சமவெளியின் தோட்டங்கள் எரிந்தது அத்தகைய நம்பிக்கையின் பலத்தில்தான்.

அதன்பின் திசை தலைகீழானது. கிளர்ச்சியை வெல்ல முடியாத பிரெஞ்சு ஆணையர்கள் 1793இல் அத்தீவில் அடிமைமுறையை ஒழித்தார்கள். 1794 பிப்ரவரி 4 அன்று பாரிஸ் கன்வென்ஷன் அதைத் தன் குடியேற்றங்கள் அனைத்துக்கும் விரித்தது. புரட்சியின் தலைநகருக்கு அதன் சொந்தப் பிரகடனத்தின் பொருளைக் கற்பித்தது ஒரு தீவு. நெப்போலியன் 1802இல் அடிமைமுறையை மீண்டும் திணிக்க முயன்று படையை இழந்தார்; 1804 ஜனவரி 1 அன்று ஹெயிட்டி விடுதலையை அறிவித்தது. பின்னர் ஸ்பெயினுக்கு எதிராகப் போராடித் தோற்று ஓடிவந்த தென் அமெரிக்க விடுதலைத் தலைவர் சிமோன் பொலிவாருக்கு அந்நாட்டின் அதிபர் பெத்தியோன் கப்பலும் ஆயுதமும் கொடுத்து 1816இல் வெனிசுவேலாவுக்கு அனுப்பிவைத்தார். அடிமைகளை விடுவிக்க வேண்டும் என்பதே அவர் கேட்ட கைம்மாறு.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். செயின்ட் டொமிங்கோவின் சர்க்கரை உலகச் சந்தையிலிருந்து மறைந்ததும், அந்த இடத்தைப் பிடிக்க அருகிலிருந்த கியூபாவின் முதலாளிகள் மேலும் மேலும் அடிமைகளை இறக்கிப் புதிய தோட்டங்களை உருவாக்கினார்கள். அண்டைத் தீவில் நடந்த விடுதலை, பக்கத்துத் தீவில் அடிமைமுறையைப் பெருக்கியது. அமெரிக்க ஐக்கிய நாடு ஹெயிட்டியை அங்கீகரிக்க 1862 வரை ஆயிற்று. தன் தென் மாநிலங்களுக்கு அந்தச் செய்தி போய்விடக் கூடாது என்ற அச்சம் அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

பழைய ஏடு எழுதியது:

உப்பங்கழி அவர்கள் தொட்ட மறுபக்கத்தை இன்னும் சற்று நீட்டிக்க வேண்டும். ஆட்சியாளர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்பது மக்கள் கற்பதைவிட ஒழுங்காக நடக்கிறது. அவர்களுக்குத் தூதர்கள் இருக்கிறார்கள், உடன்படிக்கைகள் இருக்கின்றன, கருவூலம் இருக்கிறது. கரிசல் அவர்கள் காட்டிய பெய்ஜிங் பாடம் அந்த வகையைச் சேர்ந்ததே.

1820ஐப் பார்க்கலாம். தென் அமெரிக்கக் கிளர்ச்சியை அடக்குவதற்காக ஸ்பெயின் தன் தெற்குக் கரையோரம் ஒரு படையைத் திரட்டி வைத்திருந்தது. ஜனவரி 1 அன்று அந்தப் படையின் ஒரு பகுதியே ரியெகோ என்ற அதிகாரியின் தலைமையில் கலகம் செய்து, மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய 1812இன் காதிஸ் அரசியல் சட்டத்தை மீண்டும் கொண்டுவரக் கோரியது. மார்ச்சில் மன்னர் பணிந்தார். ஜூலையில் நேப்பிள்ஸ் படையினர் எழுந்து கேட்டதும் அதே ஸ்பானியச் சட்டத்தைத்தான். தங்கள் நாட்டுக்கென்று ஒன்றை எழுதிக்கொள்ளக்கூட அவர்கள் காத்திருக்கவில்லை. ஆகஸ்டில் போர்ச்சுக்கல்லின் போர்த்தோ நகரமும், 1821 மார்ச்சில் பீட்மான்டும் பின்தொடர்ந்தன. இந்த அலை பெரும்பாலும் இளம் இராணுவ அதிகாரிகளின் வழியே போனது. ஆதலால் 1848இன் தெருக்கூட்டங்களுக்குத் தேவைப்படாத இரகசியச் சங்கங்கள் இங்கே தேவைப்பட்டன.

எதிர்ப்பக்கம் என்ன செய்தது? 1820 நவம்பரில் ஆஸ்திரியா, பிரஷ்யா, ரஷ்யா ஆகிய மூன்றும் திரொப்பாவ் நகரில் கூடி, புரட்சியால் ஆட்சி மாறிய நாட்டில் மற்ற வல்லரசுகளுக்கு அச்சுறுத்தல் எழுந்தால் தலையிட்டு அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவோம் என்று எழுதிக் கையொப்பமிட்டன. இங்கிலாந்து அதில் சேர மறுத்தது. 1821 மார்ச்சில் ஆஸ்திரியப் படை நேப்பிள்ஸுக்குள் நுழைந்தது. அடுத்த மாதமே பீட்மான்ட் அரசரின் படைக்குத் துணையாகவும் நின்றது. 1823 ஏப்ரலில் பிரெஞ்சுப் படை பிரனீஸ் மலைகளைக் கடந்து ஸ்பெயினுக்குள் புகுந்தது. நெப்போலியனின் வீரர்களை ஆண்டுக்கணக்கில் எதிர்த்து நின்ற அதே ஸ்பானியக் கிராமங்கள் இம்முறை பெரிதாக எதிர்க்கவில்லை. ரியெகோ நவம்பரில் மத்ரித்தில் தூக்கிலிடப்பட்டார். ஆனால் அவர் ஏற மறுத்த கப்பல்கள் தென் அமெரிக்காவுக்குப் போகவே இல்லை. 1824 டிசம்பரில் பெரு நாட்டின் அயாகுச்சோவில் ஸ்பெயினின் கடைசிப் பெரும்படை சரணடைந்தது.